நிலம் யார் கையில்? சட்டமன்றத்தை மறவாதீர்!



நமக்கு இரண்டு வாக்குகள் உண்டு. ஒன்று நாடாளுமன்றத்துக்கு; மற்றொன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு. முதல் வாக்கை யோசித்துப் போடுகிறோம். இரண்டாவதை ஏனோதானோ என்று போட்டுவிட்டு வருகிறோம். இது பெருந்தவறு என்கிறோம்.

சம்பளமும் தொழிற்சட்டமும் நாடாளுமன்றத்தின் அதிகாரம். ஆனால் நிலம்? அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். பால்மரங்களைச் சாய்த்துவிட்டு மாடி வீடுகள் கட்ட வேண்டுமானால், 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதி வேண்டும். அதைக் கொடுப்பது மாநில அரசு. கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மூன்று தலைமுறையாய்ப் பால் வெட்டிய குடும்பம் சட்டிபானையோடு தெருவில் நின்றபோது, "அது மத்திய அரசின் விவகாரம்" என்று கைவிரித்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இது தெரியாதா? தெரியும். நமக்குத் தெரியாது என்ற தைரியம்தான் அவர்களுக்கு!

நாடாளுமன்றத்துக்கு மேலவை, மக்களவை என இரண்டு அவைகள். மாநிலத்துக்கு ஒரே அவைதான். சிலாங்கூரில் 56 பேர். பேராக்கில் 59 பேர். பெரும்பான்மையோரின் நம்பிக்கை உள்ளவரே மந்திரி புசார். 2009-இல் பேராக்கில் மூன்றே பேர் விலகியதால் ஆட்சியே மாறியது. ஓரிரு தொகுதிகளின் பலம் எவ்வளவு என்று பாருங்கள்!

மந்திரி புசாரும் ஆட்சிக்குழுவும் கூடிப் பேசுவது மூடிய அறையில். ஆனால் அவர்களின் வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்தில்தான் நிறைவேற வேண்டும். உறுப்பினர்களின் கேள்விகளை அங்கேதான் அவர்கள் சந்திக்க வேண்டும். கேட்க வேண்டியவர் வாய்மூடி இருந்தால் குற்றம் யாருடையது? அவரை அனுப்பிய நமக்கும் அதில் பங்கில்லையா?

ஆகவே, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உங்கள் சட்டமன்ற உறுப்பினரை அழையுங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். நம் தோட்ட நிலத்தை மாற்ற மனு வந்திருக்கிறதா? தொழிலாளருக்கு வீடு தர வேண்டுமென நிபந்தனை உண்டா? இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்ட மக்களுக்கு எவ்வளவு? கிராணிமார் இவற்றை எழுதிக் கொடுக்கட்டும். உறுப்பினர் அவற்றைச் சட்டமன்றத்தில் எழுப்பட்டும். பதிலைக் கிளையில் எல்லோர் முன்பும் வாசிப்போம்.

2021 டிசம்பர் முதல் 18 வயதானோர் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மரம் நம் கையால் பால் தந்தது. மண்ணின் கணக்கையும் நாமே கேட்போம்!