கிற்றார் தந்தியும் புவித்தொடுப்பும்

மின் கிற்றாரின் தந்தியில் விரல் பட்டதும் அதுவரை கேட்ட இரைச்சல் அடங்கிவிடும். தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி உள்ளே சென்று, கேபிளின் வழியே அம்பிளிபயரின் புவித்தொடுப்போடு சேர்கிறது. சுற்றியுள்ள மின் இரைச்சலை அன்டெனா போல வாங்கி நிற்பது வாசிப்பவரின் உடல். தந்தியைத் தொட்டதும் அது புவிக்குப் போய்விடுகிறது.

இந்தக் கம்பிதான் ஆளைக் கொல்லும், வெட்டிவிடுங்கள் என்போர் உளர். அது வீண் அச்சமும் அன்று. 1972 மே 3ஆம் திகதி, வேல்ஸின் சுவான்சி நகர மேடையொன்றில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். 1965இல் சக்ரமெண்டோ மேடையில் கீத் ரிச்சர்ட்ஸ் மயங்கி விழுந்து, உயிர் தப்பினார்.

ஆயினும் கம்பியை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வெட்டினாலும் கேபிள் செருகும் உலோகத் துளை புவியோடு இணைந்தேதான் இருக்கும். பழுதான ஒலிவாங்கியும் பழுதாகவே இருக்கும். அடுத்து அதைப் பிடிப்பவர் வெறுங்காலுடன் ஈரத்தரையில் நிற்கும் பாடகராகவும் இருக்கலாம். (மின்கலத்தில் இயங்கும் சிலவகைப் பிக்கப்புகளுக்கு இக்கம்பி தேவையில்லை, அது வேறு கதை.)

எங்கள் விழா மேடைகளில் நான் கண்டது இதுதான்: இரைச்சல் வருகிறதென்று அம்பிளிபயர் பிளக்கின் புவி முனையையே கழற்றிவிடுகிறார்கள். 230 வோல்ற் மின்சாரத்தோடு விளையாட்டு! அலங்காரத்துக்கு அள்ளிக் கொடுக்கும் அமைப்பாளர்கள், மேடைக்கு ஒரு ட்ரிப் சுவிச் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.