தேடலைத் தமிழில் சொல்லிப் பார்ப்போமே!

“தமிழ்ப்பள்ளியில் படித்தவனுக்கு நிரலாக்கம் சரிப்பட்டு வருமா?” பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் தவணையில் இந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்கவில்லை. நானேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆறாண்டுகள் கணிதத்தைத் தமிழில் பயின்றேன். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பயின்றேன். இப்போது விரிவுரையும் பாடநூலும் ஆங்கிலத்தில். இம்மூன்றையும் தாண்டி வந்தவனுக்கு நான்காவதாக ‘சி’ மொழி காத்திருந்தது.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். இயங்குதளங்களை எழுதவே இன்றும் பயன்படும் மொழி இது. வேகம் மிகுதி, அரவணைப்பு குறைவு. பத்து எண்கள் கொண்ட அணியில் பதினோராவது எண்ணைக் கேட்டால், வேறு பல மொழிகள் பிழையைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். சி மொழியோ தானாக எல்லையைச் சரிபார்ப்பதில்லை. பக்கத்து நினைவகத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்தாலும் கொடுக்கும். நிரல் பாதியில் முறிந்தாலும் முறியும். எல்லையை அறிந்து எழுதுவது எழுதுபவரின் பொறுப்பு.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் இடுபணி தரப்பட்டது. ஏறுவரிசையில் உள்ள அணியில் ஓர் எண் முதன்முதலாக எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு மில்லியன் எண்களுக்கு ஒரு மில்லியன் ஒப்பீடுகள்கூட ஆகலாம். நடுவைப் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் இருமத் தேடலில் ஏறக்குறைய இருபது ஒப்பீடுகள் போதும். பாடநூலில் இருந்த படிமுறையை மனனம் செய்து எழுதினேன். சில சோதனைகளில் விடை சரியாக வந்தது. வேறு சிலவற்றில் நிரல் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இரவுகள் திரையைப் பார்த்தபடியே கழிந்தன.

அந்த வார இறுதியில் வீட்டுக்குச் சென்றேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் என் தங்கை, “என்ன அண்ணா, முகம் வாடிக் கிடக்கு?” என்றாள். அவளது அகராதியை எடுத்து விளக்கினேன். “நடுப்பக்கத்தைத் திற. நீ தேடும் சொல் அதற்குப் பின்னால் வருமா? அப்படியானால் இந்தப் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வைத்துக்கொள். மீண்டும் நடுவைத் திற.”

அவள் சற்று யோசித்தாள். “ரெண்டே பக்கம் மிச்சம் இருந்தா நடுப்பக்கம் எது அண்ணா?”

“முதல் பக்கம்தான். கணினி பின்னத்தை விட்டுவிடும்.”

“அப்ப அந்தப் பக்கத்துல இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் அதையே ஏன் வச்சுக்கணும்? திரும்பத் திரும்ப அதைத்தானே பார்ப்பீங்க?”

என் பிழை அதுவேதான். தேடும் எண் நடுவில் இருப்பதைவிடப் பெரியது என்றால், கீழெல்லை நடுவுக்கு அடுத்த இடத்திற்கு நகர வேண்டும். நான் நடுவிலேயே நிறுத்தியிருந்தேன். இரண்டு எண்கள் மிஞ்சியபோது எல்லை நகரவே இல்லை. ஒன்றைக் கூட்டியதும் நிரல் முடிவுக்கு வந்தது.

என் தங்கைக்கு சி மொழி தெரியாது. அவள் கேட்டது, “கையில் வைத்திருக்கும் பகுதி எது, அதில் இன்னும் எது இருக்கலாம்?” என்பதுதான். அக்கேள்விக்கு என்னால் எந்த மொழியிலும் விடை சொல்ல முடியாமல் இருந்தது; ஏனெனில் நான் புரிந்துகொள்ளாமல் மனனம் செய்திருந்தேன். என்னைத் தடுத்தது தமிழ் அன்று; மனனமே. தமிழில் விளக்க முயன்றபோதுதான் அது வெளிப்பட்டது.

இத்தேடலில் பெரிய வல்லுநர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவா மொழியின் நூலகத்தில் தாம் எழுதிய இருமத் தேடலில் ஒரு வழு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மறைந்திருந்ததை ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதினார். ஜான் பென்ட்லியின் 1986ஆம் ஆண்டு நூலில் சரியென நிறுவப்பட்ட நிரலிலும் அதே வழு இருந்தது. கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால், மிகப் பெரிய அணிகளில் அக்கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டிவிடும். சி மொழியில் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரு எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் சிக்கல் தீரும். வல்லுநர்களே தவறும் இடத்தில் தமிழ்ப்பள்ளி மாணவன் தவறினால், அதற்குப் பள்ளியைக் குறை கூறுவது எவ்வகையில் நியாயம்?

“தமிழில் கலைச்சொல் இல்லையே” என்பர் சிலர். அணி, சுட்டெண், எல்லை, நடு ஆகிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இல்லாத இடத்தில் பிறமொழிச் சொல்லையே பயன்படுத்துவோம், குற்றமில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வும் வேலையும் கையேடுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் புரிந்துகொள்ளும் இடம் நம் மொழியாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் தமிழ்மொழிக் கழகம் பொங்கல் விழா, பட்டிமன்றம் ஆகியவற்றைச் சிறப்பாக நடத்துகிறது. அவற்றோடு இரண்டு வாரத்திற்கு ஒரு மணி நேரம், அறிவியல் துறை மாணவர் ஒருவர் தம் பாடத்தைத் தமிழில் விளக்கும் அங்கம் ஒன்றையும் சேர்க்கலாமே! விளக்குபவருக்கே முதல் பயன். ஆய்வுக்கூடத்தின் கடைசி வரிசையில் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டு அமர்ந்திருக்கும் முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு அடுத்த பயன். அந்த வரிசையில் ஒரு தவணை முழுவதும் நானும் வாய் திறவாமல் அமர்ந்திருந்தவன்தான்.

முதல் அங்கத்திற்கு நான் தயார். வரும்போது ஆளுக்கோர் அகராதி கொண்டு வாருங்கள்.