கடைமடைக் காற்று

குடவாசல் வட்டாரத்து உழவர் நீரின் இயல்பை நன்கு அறிவர். தலைமடையில் நீர் பெருகி ஓடினாலும், வழியில் ஒரு மதகு பழுதுற்றால், அந்நீர் வேறு வழியே ஓடிவிடும். கடைமடைப் பயிர் வாடும். நிலத்தின் ஆழத்தே நிலக்கரி வெட்டும் சுரங்கங்களில் காற்றின் நிலையும் இதுவே.

சுரங்கத்தினுள் போதிய காற்று தானே பரவாது. ஒரு குழியின் வழியே தூய காற்று இறங்கும். மற்றொரு குழியின் வாயிலில் உள்ள பெருவிசிறி உள்ளிருக்கும் கெட்ட காற்றை வெளியே இழுக்கும். இடையில் உள்ள தடுப்புச் சுவர்களும் கதவுகளும் மதகுகள் போல் நின்று, கரி வெட்டும் இடம்வரை காற்றைச் செலுத்துகின்றன. ஒருவர் ஒரு கதவைத் திறந்தபடி விட்டுச் சென்றாலும், காற்று குறுக்கு வழியே திரும்பிவிடும். கோடியில் நின்று உழைப்பவரை அது சென்றடையாது.

அங்ஙனம் காற்றோட்டம் குன்றிய இடத்தில், நிலக்கரியினின்று கசியும் மீத்தேன் வாயு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை அது கலந்திருப்பின், சிறு பொறியும் பெரு வெடிப்பை விளைவிக்கும். அவ்வெடிப்பால் மேலெழும் கரித்தூளும் தீப்பற்றும். 2006 செப்டம்பரில், ஜார்க்கண்டு மாநிலம் தன்பாத் அருகே பாட்டிஹ் சுரங்கத்தில் இவ்வாயு வெடித்து 50 தொழிலாளர் மாண்டனர். 1965 மே 28-இல், இன்று அம்மாநிலத்தைச் சேர்ந்த தோரியில் கரித்தூள் வெடித்து 268 பேர் உயிரிழந்தனர்.

இந்நாட்டு விதிகளில் குறைவில்லை. ஆள் ஒருவருக்கு நிமிடந்தோறும் 6 கன மீட்டர் காற்றேனும் வேண்டும், மீத்தேன் 1.25 விழுக்காட்டை எட்டினால் அவ்விடத்தை விட்டு அனைவரும் வெளியேற வேண்டும் என்பன அவ்விதிகள். ஆயின், வேலையை நிறுத்தினால் கரியின் அளவு குறையுமே என்று தயங்குவோர் உளர். வாய்க்கால் தூர்வாரும் கூலியை வீண் செலவென்று எந்த உழவராவது கூறுவாரோ?

விசிறி சுழல்கின்றது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. தலைமடையில் நீர் வந்ததைக் கண்டு, கடைமடை விளைந்ததாகக் கணக்கெழுதுவார் இலர். ஆதலின், காற்றை அளக்க வேண்டிய இடம் கோடியில் தொழிலாளி நிற்கும் இடமே. அவ்வளவை அவரும் அறிதல் வேண்டும். தீங்கு கண்டவிடத்து அஞ்சாமல் வேலையை நிறுத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும். வெட்டிய கரியின் எடையால் மட்டும் ஒரு சுரங்கத்தின் சிறப்பை மதித்தல் தகாது. அங்கே கடைசியில் நிற்பவன் தடையின்றி மூச்சுவிடுதலே அதன் சிறப்புக்கு உரிய அளவுகோலாகும்.