பாயிண்டு கொடுக்கிறார்கள், பையை அறுக்கிறார்கள்!

ஓசூர் சிப்காட்டில் சரக்கேற்றும் ஒற்றை லாரிக்காரரிடம் இன்று டீசல் கார்டை நீட்டுகிறார்கள். இந்தியன் ஆயிலுக்கு எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்துக்கு ஸ்மார்ட்பிளீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு டிரைவ் டிராக் பிளஸ். எதை வாங்குவது?

நாம் சொல்வது இது: பாயிண்டுக்கு மயங்காதீர்கள். உங்கள் பாதையில் எந்தக் கம்பெனி பங்க் அதிகம் என்று பாருங்கள். முன்பணக் கார்டா, கடன் கார்டா என்று கேளுங்கள். கடனென்றால் வட்டியையும் அபராதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடக வரி, வேறு விலை. இரு பக்க விலையையும் ஒப்பிட்டே டாங்கை நிரப்புங்கள்.

ஆனால் பெருங்கொள்ளை கார்டில் இல்லை, வரியில் இருக்கிறது! 2014 ஏப்ரலில் லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த 2020 மே மாதத்தில் அது 31 ரூபாய் 83 காசு! 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ரூபாயில் பறித்துக் காசில் திருப்பித் தருவதற்குப் பெயர் சலுகையா?

ஆலைத் தோழர்களே! விவசாயக் கூலித் தோழர்களே! இது லாரிக்காரர் கவலை மட்டுமல்ல. ராயக்கோட்டைத் தக்காளிக்கும், உங்கள் வீட்டு அரிசி மூட்டைக்கும் லாரி வாடகை இதனால்தான் ஏறுகிறது. டீசல் வரியைக் குறை என்று முழங்குவோம். சிறு லாரிக்காரரோடு தோள் சேர்வோம்!