பழைய நிரலும் புதிய பதிப்பும்

மொழியும் கருவியும் என்றும் ஒரு நிலையில் நிற்பன அல்ல. வழக்கொழிந்த சொற்கள் நீங்குதலும் புதுச் சொற்கள் வந்து குடிபுகுதலும் மொழிக்கு இயல்பு. இற்றை நாளில் கணினிக்கென எழுதப்படும் நிரல்களுக்கும் அஃதே இயல்பாயிற்று. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. பழைய சொல்லைப் பேசுவோனை உலகம் பொறுத்துக்கொள்ளும். பழைய கட்டளையை எழுதியவனைக் கணினி பொறுப்பதில்லை. நேற்றுவரை செவ்வனே இயங்கிய இணையத்தளம், அதன் அடித்தளமாகிய மென்பொருள் புதுப்பிக்கப்பட்டவுடன் இயங்காது நின்றுவிடுதல் கூடும்.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். கல்லூரிகளின் மாணவர் இடாப்புகளும், பழைய மலர்களும், நிழற்படங்களும் இன்று இணையத்தளங்களில் ஏறிவருகின்றன. அவை நிலைத்து நிற்றல் நம் எல்லோருக்கும் உரிய கவலை. அன்றியும், இம்மாற்றங்களை ஆளும் திறன் பெரிதும் வாசிப்பைப் பொறுத்தது. வாசித்தலைக் கற்பிப்போன் அதுபற்றிப் பேசுதல் தகாததன்று.

இணையத்தளம் அமைப்போர் ஒவ்வொரு கல்லையும் தாமே பொளிந்து சுவரெழுப்புவதில்லை. அடிப்படை வேலைகளை முன்னரே செய்து வைத்திருக்கும் சட்டகம் ஒன்றை எடுத்து, அதன்மேல் தமக்கு வேண்டியவற்றை எழுதுகின்றனர். ஃபிரேம்வேர்க் எனப்படுவது இதுவே. ஜாங்கோ என்னும் சட்டகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் 2003 இல் உருவாகத் தொடங்கிய இச்சட்டகம் 2005 இல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டது. பைதன் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஏறக்குறைய எட்டு மாதங்களுக்கு ஒருமுறை இதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஈராண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மூன்றாண்டளவு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அக்காலம் கழிந்தபின் அத்தளம் காவலற்ற வீட்டை ஒக்கும்.

புதிய பதிப்பில் பழைய கட்டளை ஒன்றை நீக்க விரும்பின், ஜாங்கோவை ஆக்குவோர் அதனை ஒரே நாளில் நீக்கிவிடுவதில்லை. நீக்கப்படவுள்ளது என முதலில் அறிவிப்பர். குறைந்தது இரண்டு பதிப்புகள்வரை அக்கட்டளை இயங்கும். ஆனால் எச்சரிக்கை ஒன்றையும் உடன் தரும். அதன் பின்னரே அது நீங்கும். இம்முறையைக் காணுந்தோறும் நம் இலக்கணத்து வழாநிலை, வழுவமைதி, வழு என்னும் மூன்றும் நினைவில் எழுகின்றன. இன்று விதிக்கப்பட்ட கட்டளை வழாநிலை. எச்சரிக்கையோடு பொறுத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. நீக்கப்பட்டபின் அதனையே எழுதுவது வழு. பசுவொன்றை உவப்பினால் உயர்திணையாகக் கூறும் வழுவமைதிக்கு எல்லைக்காலம் இல்லை. சட்டகத்தின் வழுவமைதிக்கோ எல்லை உண்டு. அவ்வெல்லை முன்னரே எழுதி வைக்கப்பட்டுமுள்ளது.

இத்தகைய மாற்றங்கள் வீண் தொல்லை என்பார் பலர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. வகுப்புகளுக்கு ஓர் அட்டவணையும், மாணவர்க்கு மற்றோர் அட்டவணையும் உள்ள தளம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு மாணவனும் ஒரு வகுப்போடு இணைக்கப்பட்டுள்ளான். வகுப்பின் பதிவை ஒருவர் அழித்தால் அம்மாணவர் பதிவுகள் யாதாகும்? பழைய ஜாங்கோவில் நிரலாளர் ஒன்றும் கூறாதுவிடின் அவையும் உடன் அழிந்தன. 2015 டிசம்பரில் வந்த 1.9 ஆம் பதிப்பு, இதனை வெளிப்படக் கூறாதவரை எச்சரிக்கத் தொடங்கிற்று. 2017 டிசம்பரில் வந்த 2.0 ஆம் பதிப்பு, கூறாத நிரலை ஏற்கவே மறுத்தது. பழைய நிரல்கள் பல அதனால் நின்றன. ஆயின், "அழிப்பதா, காப்பதா?" என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நிரலாளரும் ஒருமுறையேனும் விடை காணவேண்டியவராயினர். மாணவர் பதிவுகளைப் பேணுவோர் இதனை நன்மை என்றே கொள்வர்.

தமிழர்க்கு நேரே பயன்தந்த மாற்றம் ஒன்றும் உண்டு. பைதன் 2 இல் சாதாரண எழுத்துச்சரம் பைட்டுகளின் வரிசையாகவே கருதப்பட்டது. யுனிகோடாகக் கொள்ளவேண்டின் தனிக்குறி ஒன்று இடவேண்டியிருந்தது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஆகவே "தமிழ்" என்னும் சொல்லின் நீளத்தை வினவின், தனிக்குறி இடாதவிடத்து, 15 என்னும் விடை வந்தது. தலைப்பொன்றைக் குறித்த நீளத்தில் வெட்டினால் எழுத்தே சிதைந்து பொருளற்ற குறிகளாய் முடிதலும் நேர்ந்தது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3 எழுத்துச்சரம் யாவற்றையும் யுனிகோடாகவே கொண்டது. அச்சொல்லின் நீளம் அதில் 5 ஆகும். நாம் எண்ணும் மூன்றெழுத்துக் கணக்கு இன்னும் வந்திலது; உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். எனினும் எழுத்தின் நடுவே பைட்டு வெட்டுண்ணும் கேடு நீங்கிற்று. பழைய நிரலோடு பொருந்தாத இம்மாற்றம் உலகின் பல மொழிகளுக்கு வாயில் திறந்தது.

அவ்வாயிலைக் கடக்க எத்துணைக் காலம் வேண்டியிருந்தது என்பதும் கருதத்தக்கது. பைதன் 2 க்குரிய ஆதரவு 2015 இல் முடியும் என முதலில் கூறப்பட்டது. பின்னர் அது 2020 வரை நீட்டப்பட்டது. 2017 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 1.11 பைதன் 2.7 இலும் பைதன் 3 இலும் இயங்கிற்று. இரு கரையிலும் கால் பதித்த பாலம் போன்றது அப்பதிப்பு. அதில் நின்றுகொண்டு நிரலைச் சிறிது சிறிதாகத் திருத்தியோர் இடரின்றிக் கடந்தனர்.

பாலம் அமைத்தல் ஆக்குவோர் கடன். ஜேகுவெரி என்னும் நிரல்தொகுதி 2013 ஜனவரியில் தன் 1.9 ஆம் பதிப்பில் பழைய கட்டளைகள் சிலவற்றை நீக்கியபோது, அவற்றை மீண்டும் இயங்கச் செய்து, எவை திருத்தத்தக்கவை எனவும் சுட்டும் துணைநிரல் ஒன்றையும் அளித்தது. மறுபுறம், ஆங்குலர் என்னும் சட்டகத்தை ஆக்கியோர் 2014 இல் தம் இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறாக அமையும் என அறிவித்தனர். அஃது 2016 செப்டெம்பரில் வெளிவந்தது. பழையதையும் புதியதையும் ஒருங்கே இயக்கும் வழியை அவர்களும் தந்தனர். பழையதற்கு 2021 இறுதிவரை ஆதரவும் அளித்தனர். ஆயினும், எல்லாம் புதிதாய்க் கற்கவேண்டுமாயின் வேறொரு சட்டகத்தையே கற்கலாமே என்று எண்ணி விலகினோர் பலர். பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள் வேறாயின் பழகியோர் நம்பிக்கை தளரும். ஆக்குவோர் இதனை மறத்தலாகாது.

நிற்க. பயன்படுத்துவோர் கடன் யாது? இவருள் இரு சாரார் தவறுகின்றனர். ஓடுகின்ற வண்டியை ஏன் கழற்றவேண்டும் என்று வாளாவிருப்போர் ஒரு சாரார். புதியது வந்த அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடத் துடிப்போர் மற்றொரு சாரார். முன்னவர் செய்யும் கேடே பெரிது என்பது எமது துணிபு. ஆண்டுக்கு ஒருமுறை சில நாள்களில் முடியும் திருத்தம், ஐந்தாறு ஆண்டு தள்ளிவைக்கப்பட்டால் தளத்தை முற்றாகத் திரும்ப எழுதும் வேலையாய் வளர்கின்றது. அதற்குள் முதலில் எழுதிய மாணவன் பல்கலைக்கழகம் புகுந்து, பின்பு கடல்கடந்தும் சென்றிருப்பான்.

செய்யத்தக்க முறை அரிதன்று. முதலாவதாக, தளத்தையும் தரவையும் பிரதி செய்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவதாக, தளத்தின் முக்கியச் செயல்கள் சரிவர நிகழ்கின்றனவா எனத் தானே பார்க்கும் சோதனை நிரல்களை எழுதி வைத்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்து எது பழுதுபட்டது என்பதை வருகையாளர் முறைப்பாட்டாலன்றி அறிய இயலாது. மூன்றாவதாக, புதிய பதிப்போடு வெளியிடப்படும் குறிப்பை முற்றாக வாசித்தல் வேண்டும். பொருந்தாத மாற்றங்கள் அதில் தனித் தலைப்பின்கீழ்த் தரப்பட்டிருக்கும். நான்காவதாக, பழைய பதிப்பில் இருந்துகொண்டே எச்சரிக்கைகளை எல்லாம் தீர்த்தல் வேண்டும். பைதன் அவற்றிற் பலவற்றை வழக்கமாக மறைத்துவிடுமாதலின், காட்டுமாறு நாமே பணித்தல் வேண்டும். ஐந்தாவதாக, தளம் சார்ந்திருக்கும் ஏனைய துணைநிரல்கள் புதிய பதிப்பை ஏற்கின்றனவா என அறிதல் வேண்டும். இவற்றின் பின்னரே அடுத்த பதிப்புக்குச் செல்லலாம். இடையிலுள்ள படிகளைத் தாண்டிக் குதித்தல் நன்றன்று. ஒவ்வொரு படியிலும் சோதித்து ஏறின் பழுது நேர்ந்த இடம் எளிதிற் புலனாகும்.

இவ்வைந்தில் மூன்று வாசித்தலும் விசாரித்தலுமே என்பதை மாணவர் கருத்திற் கொள்க. கட்டளைகளை மனனஞ் செய்தோன் அடுத்த பதிப்பில் தடுமாறுவான். குறிப்பை வாசித்துப் பொருள் உணரக் கற்றோன் எப்பதிப்பிலும் தடுமாறான்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக்காலங்களில் புதியன தொடங்கப் பொருள் உதவுவோர் பலர். மண்டபம் ஒன்று கட்டிக் கொடுப்போர் அதன் கூரை ஒழுகும் நாளையும் எண்ணவேண்டும் என்பதை நம் முதியோர் அறிவர். இணையத்தளமும் அத்தகையதே. அதனை அமைக்கும் செலவோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவையும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாகச் சேர்த்தல் வேண்டும். எச்சட்டகத்தின் எப்பதிப்பில் தளம் இயங்குகின்றது, அதற்குரிய ஆதரவு எந்நாள் முடிகின்றது என்பன செயற்குழுவின் ஏட்டில் எழுதப்படல் வேண்டும். மென்பொருள் துறையில் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர், கற்கும் மாணவர் இருவர் மூவரை உடன்வைத்து, ஆண்டில் ஒருமுறை இப்பணியை ஆற்றுவாராயின் தளமும் நிலைபெறும்; தொழிலும் வழிவழியாகக் கற்பிக்கப்படும்.

நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்தனர். செல்லரிக்குமுன் புதிய ஓலையில் எழுதினோர் ஏடுகள் எஞ்சின. பிறகு பார்ப்போம் என்றிருந்தோர் ஏடுகள் மண்ணாயின. மின்னேடுகளுக்கும் நியதி அதுவே. எச்சரிக்கை வந்த பொழுதே எழுந்து செயற்படுவோமாயின், இன்று நாம் ஏற்றிவைக்கும் பெயர்களை அடுத்த விழாவிற் கூடுவோரும் வாசிப்பர்.