ஊருக்குப் புறப்படும் முன்…

கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் ஊருக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருப்பீர்கள். முன்பெல்லாம் ரயில் டிக்கெட்டை 120 நாட்களுக்கு முன்பே எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகிவிட்டது. அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, காலை எட்டு மணிக்கே காத்திருந்து டிக்கெட் எடுக்கிறோம். பெட்டி வாங்குகிறோம், உறவுகளுக்குத் துணிமணி வாங்குகிறோம். ஆனால் போகிற ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுகிறோமா?

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தவறியவன் நானேதான்.

என் ஊர் பாறசாலைக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம் என்று வளர்ந்தோம். நாகர்கோவிலில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளத்தோடு காலம் கழித்து மும்பையிலேயே ஓய்வும் பெற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மகன் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது, "நம்ம தமிழ் ஊருக்குப் போறோம்" என்று பேரனிடம் வழியெல்லாம் பெருமை பேசினேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் பாசஞ்சரில் நெய்யாற்றங்கரை தாண்டும்போதே, "தாத்தா, போர்டெல்லாம் மலையாளமா இருக்கே?" என்றான்.

வீட்டில் அக்காவின் பேரப்பிள்ளைகள் மலையாளத்திலேயே பேசின. எனக்குப் பொறுக்கவில்லை. "தமிழை இப்படியா தொலைப்பீர்கள்?" என்று எல்லார் முன்னிலும் சத்தம் போட்டேன். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை வைத்தாள்.

"தம்பி, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், பார்க்கிற வேலையும் மலையாளம். நான் ஒருத்தி வீட்டுல பேசுற தமிழ்தான் இங்க மிச்சம். நீ வந்து திட்டுனா அது வளருமா? அது கிடக்கட்டும், உன் பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

தெரியாது. நான் பதில் சொல்லவில்லை. திரும்பும் நாள்வரை அக்கா என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை.

அன்று நான் பேரனுக்குச் சொல்லத் தவறியது என்ன? திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றங்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை அதற்குள் இருந்தது. களியக்காவிளைக் கடைத்தெரு தமிழ்நாடு, அதைத் தாண்டி நடந்தால் கேரளம். பெண் கொடுத்தவர் ஒருபுறம், எடுத்தவர் மறுபுறம். ஆக, அக்கா வீட்டுப் பிள்ளைகள் தமிழைத் தொலைக்கவில்லை. கிடைத்த பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அவ்வளவுதான். மும்பையில் நம் பிள்ளைகளும் அதைத்தானே செய்கிறார்கள்?

ஆகவே, அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், வீட்டுப் பெரியவர்களிடம் குடும்பத்தின் வீட்டுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் ஆளைவிட வீட்டுப்பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். கிராமம், தாலுகா, மாநிலம் மூன்றையும் சேர்த்துக் குறியுங்கள். எல்லையோரத்தில் மாநிலம் மாறினால் போக வேண்டிய அலுவலகமும் மாறிவிடும்.

அடுத்து, பழைய பத்திரங்கள். திருவிதாங்கூர்க் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு நம் ஆவணி மாதமான சிங்ஙத்தில் பிறக்கிறது. அதனால் டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு 824-உம், ஜனவரி முதல் 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். எல்லை பிரிந்த 1956 நவம்பர், கொல்லம் 1132. இதைப் பேரனிடம் ஒரு கணக்காகவே கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு, "அப்போ உங்க தாத்தா பத்திரம் எங்கே?" என்று கேட்டான். இப்படித்தான் ஊர் மேல் ஆசை பிறக்கிறது.

கடைசியாக, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை மலையாளமும் சொல்லிக் கொடுங்கள். தமிழ் எழுத்தையும் கற்றுக் கொடுங்கள். நாம் வீட்டில் செய்யாததை ஊரில் போய் மற்றவரிடம் கேட்க நமக்கு வாயில்லை.

ரயில்வேக்காரன் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது. 1979-இல் திறந்த திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை எல்லையைத் தாண்டும் இடத்தில் தண்டவாளம் மாறுவதில்லை. பாறசாலையும் நாகர்கோவிலும் இன்றும் ஒரே திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கின்றன. உறவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை அக்காவுக்கு முன்கூட்டியே போன் செய்தேன். பேரன் தானே தமிழில் எழுதிய ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறான் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சக்கை பழுக்கிற நேரம், சீக்கிரம் வாங்க" என்றாள். டிக்கெட் எடுத்தாயிற்று. கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்தாமலே கொண்டுபோகிறோம்.