காரில் எச்சக் கறையா? பட்டறைக்குப் போகுமுன் கையால் பாருங்கள்

மரத்தடியில் காரை நிறுத்தினால் நிழல் கிடைக்கும். கூடவே பறவை எச்சமும் கிடைக்கும். இதற்கு மரத்தைக் கோபித்துப் பயனில்லை, காக்கையைக் கோபித்தும் பயனில்லை. "காய்ந்தால் தானே உதிர்ந்துடும்" என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் செலவு ஆரம்பமாகிறது.

எச்சம் அப்படி என்ன செய்துவிடும் என்கிறீர்களா? பறவைகளுக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை. அந்தக் கழிவும் எச்சத்தோடு வெள்ளைக் குழம்பாகச் சேர்ந்தே வரும். அந்த வெள்ளைதான் யூரிக் அமிலம். தண்ணீரில் லேசில் கரையாது. வெயிலில் பானட் தொட முடியாதபடி சுடும்போது பெயிண்ட் இளகி விரிகிறது. ராத்திரி குளிர்ந்து சுருங்குகிறது. மேலே காய்ந்து இறுகிய எச்சத்தின் தடம் அப்படியே பதிந்துபோகிறது. கழுவின பிறகும் மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது பெயிண்டின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கு அல்ல. பெயிண்டிலேயே விழுந்த பள்ளம்.

இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்று கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. கனம் சுமார் 40 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறையப் பாதி! நாம் செய்யப்போகிற வைத்தியம் இவ்வளவுதான்: பள்ளத்தைச் சுற்றி அந்தப் பூச்சைக் கொஞ்சமே கொஞ்சம் தேய்த்துச் சமமாக்குவது. ஆகவே தேய்க்கத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் தன் பழைய காரை விற்க ஏற்பாடு செய்திருந்தாள். குழந்தையின் பள்ளிக்கூடப் பணத்துக்கு அந்தத் தொகையைத்தான் நம்பியிருந்தாள். பானட்டில் நாலு இடத்தில் எச்சத் தடம். ஒரு பட்டறையில், "பானட் முழுக்கப் பெயிண்ட் அடிக்கணும் மேடம், 5,000 ரூபாய் ஆகும்" என்றார்களாம். "என்னக்கா செய்யறது?" என்று வந்து நின்றாள். "முதல்லே நகத்தாலே மெதுவாத் தடவிப் பாரு" என்றேன்.

நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே சரி செய்யலாம். லேசாகத் தடுத்தால் பாதிக்குமேல் மறையும், நிழல் போல் கொஞ்சம் நிற்கும். காய்ந்த ஏரி மண் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தாலோ, பெயிண்ட் உரிந்திருந்தாலோ கை வைக்காதீர்கள். அதற்குப் பட்டறைதான்.

வேண்டிய பொருள்கள்: கார் ஷாம்பூ, மூன்று மைக்ரோஃபைபர் துணி, ஒரு மெத்தென்ற ஸ்பாஞ்சு, கார் பெயிண்டுக்கென்றே விற்கும் நைஸ் பாலிஷ், கார் வாக்ஸ். கடையில் ரப்பிங் காம்பவுண்டை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் பல ரகம் சொரசொரப்பானவை.

செய்முறை: காரை நிழலில் நிறுத்தி, பானட் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். காய்ந்த எச்சம் இன்னும் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, அள்ளி எடுப்பதுபோல் எடுங்கள். தேய்க்கக் கூடாது. பழம் தின்ற பறவையின் எச்சத்தில் விதை இருக்கும். புறா இரை அரைக்க விழுங்கும் மணலும் இருக்கும். தேய்த்தால் கீறல் விழும்.

ஈரம் துடைத்தபின், ஸ்பாஞ்சின்மேல் துணியைச் சுற்றி ஒரு கடலையளவு பாலிஷ் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், முதலில் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காக, இரண்டு மூன்று நிமிஷம் தேயுங்கள். குத்துவிளக்குத் துலக்குகிற அழுத்தம் வேண்டாம். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அழுத்தம் போதும். ஒற்றை விரலால் அழுத்தினால் அந்த இடம் குழியாகும். வேறு துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னொரு தடவை. நாலு தடவைக்குமேல் போகாதீர்கள். பானட்டின் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லிசு. அங்கே தேய்க்காமல் இருப்பது நல்லது. துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். (கிளியர் கோட் இல்லாத பழைய வண்டியில் நிறம் ஒட்டுவது சகஜம்.) கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி எடுக்காதீர்கள். கடைசியில் மெல்லிசாக வாக்ஸ் பூசித் துடைத்துவிடுங்கள்.

பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்கிற கைப்பழக்கம் இங்கே ஆகாது. எலுமிச்சையும் வினிகரும் அமிலம். பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் அமிலம் எதற்கு? தேங்காயெண்ணெய் தடவினால் இரண்டு நாள் மறைந்திருந்து மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கும். பாத்திரம் தேய்க்கும் நார் பக்கத்திலேயே வரக் கூடாது. வாட்டர் பேப்பர் பழகிய பெயிண்டரின் கையில் இருக்கட்டும்.

எதிர் வீட்டுக் காரில் மூன்று தடங்கள் போய்விட்டன. நாலாவது பிறைபோல் மங்கலாக நின்றது. அதை ஒளிக்காமல், "காக்கா எச்சம் பட்ட இடம் சார், பெயிண்ட் அடிக்கலே" என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டாள். புதுப் பெயிண்டைப் பார்த்தால், 'எங்கேயோ இடித்த வண்டி' என்று சந்தேகப்படுவார்கள். கம்பெனிப் பெயிண்டுக்குத் தனி மரியாதை உண்டு. பேசிய விலைக்கே வண்டி போயிற்று.

காரைவிட முக்கியமான விஷயம் ஒன்று. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், உலர்வாகத் தட்டியும் விடாதீர்கள். அந்தத் தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சைக் கிருமிகள் இருக்கலாம். புறா எச்சத்தில் முக்கியமாக. ஆஸ்துமாக்காரர்களும் வயதானவர்களும் இந்த வேலைக்கு வர வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முதலில் ஈரமாக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு ஊறப் போட வேண்டாம்.

எச்சத்தின்மேலேயே கார் உறையைப் போட்டு மூடுவதும் கெடுதல். காற்றில் உறை அசைய அசைய உராயும். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு மெத்தென்ற துணியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வாக்ஸ் பூசுங்கள். விழுந்த அன்றைக்கே நனைத்து எடுத்துவிட்டால், பாலிஷ் டப்பாவைத் திறக்கிற வேலையே பெரும்பாலும் வராது.